நகம் பதியாத தடம்

சுருளிப்பட்டியைத் தாண்டி அருவிக்குப் போகும் சாலையில், தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில் நான் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. என் வீடு தேனியில். கணவருக்கு அங்கே மோட்டார் வைண்டிங் கடை. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அவள் கண் விழிப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். தேனியிலிருந்து கம்பத்துக்கு ஒரு பஸ், கம்பத்திலிருந்து டவுன் பஸ், இறங்கி ஒரு நடை. சாயங்காலம் இதே வழியில் திரும்ப வேண்டும்.

பள்ளியில் இருக்கும்போது வீட்டு நினைப்பாக இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் மறுநாள் பஸ்ஸின் நினைப்பு வந்துவிடும். பாடம் நடத்திக்கொண்டே வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வருவேன். எதைப் பார்க்கிறேன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு மே மாதமும் தேனிப் பக்கம் மாறுதல் கேட்டு எழுதிக் கொடுப்பேன். ஜூன் பிறந்ததும் அதே பள்ளியின் பூட்டைத் திறப்பேன்.

அட்டைகளை வைத்துப் பாடம் நடத்தும் முறை வந்த புதிது அது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் நிலைக்கு ஏற்ற அட்டையை எடுத்துப் படிக்க வேண்டும். அதில் ஒரு அட்டையில் ஒரு பக்கம் விலங்குகளின் படம், இன்னொரு பக்கம் அவற்றின் காலடித் தடங்கள். எது எதனுடையது என்று கோடு போட்டு இணைக்க வேண்டும். எங்களுக்கு வந்த அட்டையில் அச்சு மங்கியிருந்தது. எல்லாத் தடமும் மை சிந்தினது மாதிரிதான் தெரிந்தது.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மாட்டுக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும், இதில் ஒன்றாக இருக்கிறது, இது மாடு இல்லை என்றாள். எட்டு வயது. மெலிந்த பெண். எதையும் சத்தமாகச் சொல்லமாட்டாள், சொன்னதை மாற்றவும் மாட்டாள். அவள் குடும்பம் மலையடிவாரத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தது. அம்மா பந்தலில் கொடி கட்டும் வேலைக்குப் போவாள். அப்பா கேரளத்து ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை பார்த்துவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஜீப்பில் வந்து போவார்.

அட்டையைத் தூக்கி அலமாரியில் வைத்தேன். மறுநாள் பிள்ளைகளிடம் ஓடை மணல் கொஞ்சம் அள்ளிவரச் சொன்னேன். குழாயடிக்குப் பின்னால் ஒரு பாய் அளவுக்கு அதைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒரு பலகையால் இழுத்துச் சமப்படுத்தினோம். காலையில் வந்து பார்த்தபோது அதில் காகம் நடந்திருந்தது, கோழி நடந்திருந்தது, குறுக்கே ஒரு பூனை நிதானமாகப் போயிருந்தது. பிள்ளைகள் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்க மறுத்துவிட்டு மணலைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்து நான் ஆரம்பிக்கவில்லை. தேனி டவுனில் பிறந்து வளர்ந்தவள். நாய்க்கும் பூனைக்கும் காலடியில் என்ன வித்தியாசம் என்று பஸ் ஸ்டாப்பில் வனத்துறை வாட்சர் ஒருவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாய்க்கு நகம் பதியும், பூனைக்கும் சிறுத்தைக்கும் நடக்கும்போது நகம் உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் பதியாது என்று அவர் பீடியை அணைத்துவிட்டுத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். சிறுத்தையின் கால் நாயைவிட அகலம், வட்டம் என்றும் சொன்னார். பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டில் வரைந்துகொண்டேன். மறுநாள் அதையே ஆதிகாலத்திலிருந்து எனக்குத் தெரிந்த மாதிரி பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு எதையும் கையால் செய்தால்தான் பதிகிறது. உள்ளங்கையின் மேட்டை மணலில் அழுத்தி, அதற்கு முன்னால் நாலு விரல் நுனியை வைத்தால் பூனை. ஒவ்வொரு விரலுக்கு முன்னாலும் குச்சியால் ஒரு புள்ளி வைத்தால் நாய். ஆட்டுக்கும் காட்டுப்பன்றிக்கும் குளம்பு ஒன்றுபோலத்தான், ஆனால் பன்றிக்குப் பின்னால் இரண்டு சின்னக் குழி கூடுதலாக விழும். மயிலுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. முயலில்தான் பெரிய சண்டை வந்தது. தாவும்போது அதன் பின்னங்கால் முன்னங்காலுக்கு முன்னால் போய் விழும். ஒரு பையன் முயல் பின்பக்கமாகவே ஓடுகிறது என்று சாதித்தான். அந்தப் பெண் இரண்டு கையையும் ஊன்றித் தாவிக் காட்டிய பிறகுதான் அடங்கினான்.

எழுதிப் போட்ட விதிகள் கொஞ்சம்தான். தடத்தை மிதிக்கக் கூடாது. விரலை எண்ண வேண்டும். நகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றை வைத்து முடிவு சொல்லாமல் அடுத்த காலைத் தேட வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இதை ராகம் போட்டுச் சொல்வார்கள். சத்துணவுக் கூடத்தின் பின்கதவில் கீரி வந்துபோவதைக் கண்டுபிடித்து ஆயாவிடம் சொன்னதே அவர்கள்தான். ஆயா அந்தச் சந்தில் செங்கல் வைத்து அடைத்தார்.

அந்த நேரம் மட்டும் நான் வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்க்காமல் இருந்தேன் என்று பிறகு நினைத்துப் பார்த்ததுண்டு.

ஆகஸ்ட் மாதம் சாரல் பிடித்துக்கொண்டது. தலைமையாசிரியர் உத்தமபாளையத்துக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. யாரிடமும் கடிந்து பேசமாட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு வாசல் பக்கம் அழைத்துப் போனார்.

"இந்த வெள்ளிக்கிழமை ஆபீஸ்லருந்து தலைய எண்ண வாராகம்மா. ஒரு பிள்ள குறைஞ்சாக்கூட ரெண்டாவது போஸ்ட்டு நிக்காது. ஜூனியர் நீங்கதான், உங்களத்தான் தூக்குவாக."

எனக்கு அது தெரியும். பிள்ளைகள் குறைந்தால் கூடுதல் ஆசிரியரைப் பணிநிரவலில் ஆள் இல்லாத பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். மாவட்டத்தில் ஆள் இல்லாத பள்ளிகள் எல்லாம் வருசநாட்டு மலைப் பக்கம் இருந்தன. தேனியிலிருந்து மூன்று பஸ். மகள் தூங்கும்போது கிளம்பி அவள் தூங்கிய பிறகு வந்து சேர வேண்டியிருக்கும்.

புதிதாக வந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன்காரர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசுகிறார் என்றும் அவர் சொன்னார். வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்வார்களாம். பிள்ளைகள் ஓடை வழியாக நடந்து வருவதைச் சொல்லித்தான் பெற்றோரைக் கரைக்கிறார்களாம். மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து எங்களிடம் ஐந்து பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஐந்தில் ஒன்று போனாலும் என் இடம் போய்விடும்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் அந்தப் பெண் மணல் பக்கம் போகாமல் நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், ஓடைக்கிட்ட ஒரு காலு கெடக்கு. நீங்க வந்து பாக்கணும்."

என்ன கால் என்று கேட்டேன். வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் திரும்பவும் சொன்னாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளியிலிருந்து தோட்டங்களுக்குப் போக இரண்டு வழி. தார் ரோட்டில் சுற்றிப் போகலாம், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். தென்னந்தோப்புக்குள் புகுந்து ஓடையைக் கடந்தால் பத்து நிமிடம். பிள்ளைகள் தினமும் வருவதும் போவதும் ஓடை வழியாகத்தான். ஓடையில் கணுக்காலளவுதான் தண்ணீர். அக்கரையில் வண்டல் படிந்த இடத்தில், அவள் நான்கு கற்களை வைத்து ஒரு தடத்துக்குக் காவல் கட்டியிருந்தாள்.

நான் குந்திப் பார்த்தேன். நாலு விரல். என் உள்ளங்கையை விரித்து வைத்தால் கிட்டத்தட்ட மூடும் அளவு. வட்டமாக, அகலமாக இருந்தது. விரல்களுக்கு முன்னால் சேறு வழவழவென்று ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"நகம் இல்ல டீச்சர்," என்றாள் அவள்.

வாட்சர் குச்சியால் வரைந்து காட்டியது இதுதான். கூடவே வேன் ஞாபகம் வந்தது. இந்த ஐந்து பிள்ளைகளும் இப்போது வீட்டுக்குப் போய்ச் சிறுத்தை என்று சொல்வார்கள். வியாழக்கிழமை காலையில் வேன் வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை தலையை எண்ணுவார்கள். இதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. வாய் தானாகப் பேசியது.

"ஈரத்துல அழிஞ்சிருக்கும். நாய்தான்."

"அடுத்த காலுலயும் இல்லியே டீச்சர்," என்று அவள் மூன்றடி தள்ளிக் கையைக் காட்டினாள். அங்கேயும் ஒன்று இருந்தது. அதற்கும் அவள் கல் வைத்திருந்தாள்.

"தோட்டத்து நாய் பெருசா இருக்கும். நாயின்னா நாய்தான். நேரமாச்சு, வாங்க."

சொல்லிக்கொண்டே எழுந்தேன். எழும்போது என் செருப்புக் கால் அந்தத் தடத்தின் மேல் விழுந்தது. தவறி விழுந்தது என்று இன்றைக்கு எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நான் வைத்த காலை ஒரு தரம் திருகினேன். அடுத்ததையும் மிதித்துக்கொண்டே நடந்தேன். பின்னால் ஐந்து பிள்ளைகளும் வந்தார்கள். அவள் கடைசியாக வந்தாள்.

அன்று பிற்பகல் முழுக்க நான் உட்காரவே இல்லை. கணக்கு அட்டைகளை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். நாயாகவும் இருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றும். உடனே அந்த வழவழத்த சேறு கண்ணுக்கு முன்னால் வரும். தார் ரோடு வழியாகப் போங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியும் என்பதுதான் இன்னும் மோசம். மணி அடித்ததும் ஐந்து பேரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சீக்கிரமாகப் போங்கள், வழியில் விளையாடிக்கொண்டு நிற்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்க முடியவில்லை. கம்பத்தில் மாறி ஏறினேன். பஸ் உத்தமபாளையம் ஸ்டாண்டில் நின்றது. எதிரே கம்பத்துக்குப் போகிற பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். தலைமையாசிரியரின் செல்லுக்கு ஸ்டாண்டில் இருந்த ஒரு ரூபாய் நாணயப் போனிலிருந்து பேசினேன். ஓடைப் பக்கம் ஏதோ தடம் கிடக்கிறது, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம்மா, பிள்ளைகள் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கும் என்றார் அவர். உண்மைதான், மணி ஐந்தரை ஆகியிருந்தது. பத்து நிமிட வழி. போயிருப்பார்கள், அல்லது போயிருக்கமாட்டார்கள். இப்போது நான் போய்ச் சேர்ந்தாலும் எதையும் தடுக்க முடியாது. கம்பம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தேன். ஏறுகிறீர்களா இல்லையா என்று கண்டக்டர் கேட்டார். மகள் அன்று காலையில் இருமிக்கொண்டிருந்தாள். காலை எடுத்துவிட்டுத் தேனி பஸ்ஸில் போய் ஏறினேன்.

வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். மிதித்ததைச் சொல்லவில்லை.

"நாயின்னு சொன்னா நாயாவே இருந்துட்டுப் போகட்டும். ராத்திரி பூராவும் உக்காந்து யோசிச்சா என்ன ஆகப்போகுது?" என்றார் அவர்.

சாதத்தைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தேன். மகள் என் மடியில் ஏறி உட்கார்ந்து என் கையை விரித்து வைத்து விளையாடினாள். கையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் வழக்கமான பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பினேன். கம்பத்தில் டவுன் பஸ் இன்னும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துச் சுருளிப்பட்டி தாண்டி இறங்கி, தார் ரோடு வழியாகவே தோட்டத்துக்கு நடந்தேன். விடிந்து வெளிச்சம் பரவியிருந்தது, சாரல் விட்டிருந்தது. தோட்டத்து வரப்பில் பத்துப் பதினைந்து பேர் கூடி நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அதன் பிறகு நான் நடந்ததாக ஞாபகம் இல்லை. ஓடியிருக்கிறேன். ஒரு செருப்பை வாய்க்காலில் விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் அந்தப் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துவிட்டு முன்னால் வந்தாள்.

"என்ன டீச்சர், இந்நேரத்துல வந்திருக்கீக? அங்கன போகாதீக. பக்கத்துத் தோட்டத்து ஆட்டப் பிடிச்சிருச்சு."

பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். உள்ளே இருக்கிறார்கள் என்றாள். எல்லாருமா என்று கேட்டேன். எல்லாரும்தான் என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சொல்லச் சொல்லத்தான் விவரம் தெரிந்தது. நேற்று மாலை நாலரை மணிவாக்கில் ஓடையில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஆடுகளில் ஒன்றை, மேய்த்த ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. பிள்ளைகள் தினமும் கடக்கும் இடம். கொஞ்சம் முன்னே பின்னே அவர்கள் கடக்கும் நேரம். ஆனால் நேற்று ஐந்து பேரும் ஓடைப் பக்கமே போகவில்லை. தார் ரோட்டில் சுற்றி, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்திருக்கிறார்கள். வழியில் இருக்கிறதிலேயே சின்னப் பையன் நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட, இவள் மகள்தான் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஏன்டி சுத்தி வந்தேன்னு கேட்டேன். வாயே தெறக்கல. ஆடு போன சேதி அப்ப எனக்குத் தெரியாது டீச்சர். ரெண்டு அடி போட்டுட்டேன்."

அந்தப் பெண் அடி வாங்கியபோதும் என் பெயரைச் சொல்லவில்லை. இதை அவள் அம்மா வாயிலிருந்து கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். நேற்று மத்தியானம் நானும் அந்தத் தடத்தைப் பார்த்தேன், சிறுத்தை என்று எனக்குத் தோன்றியது, பிள்ளைகளிடம் நாய் என்று சொன்னேன், காலால் அழித்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பிள்ளைககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல டீச்சர்," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சட்டை மாற்றித் தலை சீவியிருந்தாள். இடது கையில் முழங்கைக்குக் கீழே விரல் பட்ட அடையாளம் சிவப்பாகத் தெரிந்தது. நேற்று ஏன் ரோட்டு வழியாக வந்தாய் என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க நாயின்னு சொன்னீக. நாயா இருந்தா ரோட்டுல சுத்திப் போனா ஒண்ணும் ஆகாது. நாயா இல்லாட்டி?"

எட்டு வயதுப் பிள்ளை. அவளுக்கு என்னை எதிர்த்துப் பேச வேண்டும் என்றோ, என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றோ தோன்றவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு, நான் சொன்னதைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டாள். என் வாழ்க்கையில் வேறு எந்த மாணவியும் ஒரு பாடத்தை இவ்வளவு சரியாகப் படித்ததில்லை. அதில் பெருமைப்பட எனக்கு இடமும் இல்லை.

வனத்துறையிலிருந்து நான்கைந்து பேர் வந்தார்கள். அதில் எனக்கு வரைந்து காட்டிய வாட்சரும் இருந்தார். ஓடைக்கு மேலே பாறையோரம் ஆட்டின் மிச்சத்தைக் கண்டுபிடித்தார்கள். சாயங்காலம் சிறுத்தையை விரட்ட வெடி போட்டார்கள், ஒரு கூண்டும் வைத்தார்கள். அது அகப்படவில்லை. மலைக்கு ஏறிவிட்டிருக்கும் என்றார்கள்.

அன்று வகுப்பில் பிள்ளைகளை மணலைச் சுற்றி உட்கார வைத்தேன். அந்தப் பெண்ணிடம் நேற்றுப் பார்த்த தடத்தைச் செய்து காட்டச் சொன்னேன். அவள் முஷ்டியை அழுத்தி, கட்டை விரலால் நாலு குழி வைத்து, தள்ளி உட்கார்ந்தாள். அளவு அப்படியே இருந்தது. இது சிறுத்தையின் கால், நான் தெரிந்தே நாய் என்று சொன்னேன், மிதித்தும் விட்டேன் என்றேன்.

முயல் பின்பக்கமாகவே ஓடுகிறது என்று சாதித்த அந்தப் பையன் கேட்டான், "அப்ப பொய் சொன்னீகளா டீச்சர்?"

ஆமாம் என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிள்ளைகள் உடனே சிறுத்தை எவ்வளவு உயரம் தாவும் என்ற பேச்சுக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அங்கிருந்து நகர முடியவில்லை. தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இதைப் பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்க வேண்டாமே என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தலையை எண்ணினார்கள். ஐந்தில் இரண்டு பிள்ளைகள் அன்று வேனில் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டைக் குறை சொல்ல என்னால் முடியாது. மீதி மூன்று பேர் வந்திருந்தார்கள், அந்தப் பெண்ணும். பணிநிரவல் அடுத்த ஜூனில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு எண்ணியவர்கள் போனார்கள்.

அதற்குப் பிறகு நான் தினமும் முதல் பஸ்ஸில் வந்து, தோட்டத்துக்குப் போய் அந்த மூன்று பிள்ளைகளைத் தார் ரோடு வழியாக அழைத்து வந்தேன். சாயங்காலம் கொண்டுபோய் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். பிராயச்சித்தம் என்று யாரிடமும் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. போகாமல் இருந்தால் பள்ளியில் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான். தேனி வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்தது. மகள் என்னை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகலில் பார்த்தாள். வழி முழுக்க ஓடைப் பக்கத்துத் தென்னைகளின் அடியிலேயே என் கண் கிடக்கும். இலை அசைந்தால் நின்றுவிடுவேன்.

அந்தப் பெண் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள். ஆனால் தடங்களைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாலையோரச் சேற்றில் எதையாவது பார்த்தால் நின்று குந்தி, தன் கையால் அளந்து பார்த்துவிட்டு எழுந்து வருவாள். என்ன அது என்று நான் கேட்டால், சும்மா என்பாள். மணல் பரப்பைச் சமப்படுத்துவது, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவளே பார்த்தாள். நான் வராந்தாவில் நின்று பார்ப்பேன்.

ஐப்பசி மழையில் ஒரு காலை. தார் ரோடு ஓடையைத் தாண்டும் பாலத்துக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். குந்தினாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளும் நச்சரிக்கத் தொடங்கினார்கள்.

"டீச்சர், இது என்ன?"

இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழைத் தண்ணீர் பாதியைக் கரைத்திருந்தது. மரநாயாக இருக்கலாம், முள்ளம்பன்றியாக இருக்கலாம். எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது.

"எனக்குத் தெரியல ஆத்தா," என்றேன்.

அவள் எழுந்தாள். அப்புறம் தன்னுடைய குடையை எடுத்து அந்தத் தடத்துக்கு மேல் விரித்து வைத்துவிட்டு, கரையாம நிக்குதான்னு பாப்போம், சாயங்காலம் வாட்சரிடம் கேட்கலாம் என்று நனைந்துகொண்டே நடந்தாள். என் குடைக்குள் அவளை இழுத்துக்கொண்டேன். சாயங்காலம் வந்தபோது குடை இருந்தது, தடம் இல்லை.

அடுத்த ஜூனில் பணிநிரவல் உத்தரவு வந்தது. வருசநாட்டுப் பக்கம், நான் பயந்த அதே இடம். அந்த நாட்களில் காலையில் கடிதம் வந்தால் மத்தியானமே விடுவித்துவிடுவார்கள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, பத்து மாசமாவது கூட இருந்தீகளே என்று சொன்னார். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய சின்னத் தம்பிக்கு ஊசி போடக் கம்பம் ஆஸ்பத்திரிக்கு அம்மாவுடன் போயிருந்தாள்.

டவுன் பஸ்ஸில் கம்பம் வந்து இறங்கினேன். எதிரில் தேனி பஸ் நின்றிருந்தது. ஏறவில்லை. அவளைத் தேடி ஆஸ்பத்திரி வரைக்கும் வேகமாக நடந்து போனேன், ஊசி போடும் வரிசை முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். திரும்பி ஸ்டாண்டுக்கு வந்து சுருளிப்பட்டி பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். ஒவ்வொரு சின்னப் பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றதில் இரண்டு தேனி பஸ் போய்விட்டது. அவள் வரவில்லை. மூன்றாவதில் ஏறி, நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.